நள்ளிரவுக் கப்பல் பந்தயமும் இமிக்ரேஷன் வரிசையும்

சென்னையிலிருந்து துபாய் வழியாகவோ லண்டன் வழியாகவோ அமெரிக்கா போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இருபது மணி நேரம் பறந்ததைக்கூட மறந்திருப்பார்கள். இறங்கிய பிறகு இமிக்ரேஷன் வரிசையில் நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள்! அடுத்த ஊருக்குப் போகிற கனெக்டிங் ஃப்ளைட் இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிறது என்றால் கேட்கவே வேண்டாம். கடிகாரத்தைப் பார்ப்பதும், முன்னால் நிற்கும் தலைகளை எண்ணுவதும், பக்கத்து வரிசை வேகமாக நகர்கிறதே என்று பொருமுவதும்தான் வேலை.

இந்த அவஸ்தை விமானத்தோடு பிறந்ததல்ல. கப்பல் காலத்திலேயே இருந்தது. அப்போது தவறவிட்டால் போவது ஒரு விமானம் மட்டும் அல்ல, சில சமயம் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே போனது.

எல்லிஸ் தீவு

நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தீவு எல்லிஸ் தீவு. 1892 ஜனவரி 1 அன்று அங்கே குடிநுழைவு நிலையம் திறந்தார்கள். முதலில் பதிவானவர் அயர்லாந்திலிருந்து வந்த ஆனி மூர் என்ற இளம்பெண். 1954 நவம்பரில் மூடப்படும் வரை 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தீவைக் கடந்து அமெரிக்காவுக்குள் போனார்கள். முதலில் கட்டியது மரக் கட்டடம். 1897-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. 1900-ல் செங்கல்லாலும் இரும்பாலும் புதிதாகக் கட்டித் திறந்தார்கள்.

கப்பலில் வந்த எல்லோரும் இந்தத் தீவுக்குப் போகவில்லை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே சோதித்து, நேராக மன்ஹாட்டன் துறையில் இறக்கிவிட்டார்கள். அடித்தட்டில் மலிவு டிக்கெட்டில் வந்தவர்களை மட்டும் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். காசு உள்ளவருக்கு வரிசை கிடையாது என்ற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

தீவில் இறங்கியதும் மாடிப்படி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். மேலே மருத்துவர்கள் நின்று, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சோதனை தொடங்கிவிட்டது என்று ஏறுகிறவருக்குத் தெரியவே தெரியாது! சில விநாடிகள்தான். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. இதயக் கோளாறு என்றால் 'எச்'. கால் ஊனம் என்றால் 'எல்'. கண் நோய் என்றால் 'இ'. மனநலம் பற்றிய சந்தேகம் என்றால் 'எக்ஸ்'. டிரகோமா என்ற கண் நோய்க்குத்தான் எல்லோரும் நடுங்கினார்கள். பூட்ஸ் பொத்தான் மாட்டுகிற கொக்கியால் இமையை மடித்துப் பார்ப்பார்கள். நோய் இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். சாக்பீஸ் குறி விழுந்ததும் கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு தப்பித்தவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு பெரிய கூடம். ஆரம்ப வருடங்களில் இரும்புக் கம்பிகளால் சந்து சந்தாகத் தடுத்திருந்தார்கள். மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கிறது என்று பலரும் குறை சொன்னார்கள். 1911 வாக்கில் கம்பிகளை எடுத்துவிட்டு பெஞ்சுகள் போட்டார்கள். கூடத்தின் கோடியில் உயரமான மேசைகளுக்குப் பின்னால் அதிகாரிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். கப்பல் கம்பெனி தயாரித்துக் கொடுத்த பயணிகள் பட்டியலில் 29 கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கும். அதே கேள்விகளை அதிகாரி மறுபடி கேட்பார். பதில் ஒத்துப்போக வேண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

(எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் பலருடைய பெயரை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மை இல்லை. பெயரை எழுதியது கப்பல் புறப்பட்ட ஊரில். இங்கே இருந்தவர்கள் பட்டியலில் இருந்ததைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் பிற்பாடு தாங்களாகவே பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள்.)

கேள்விகளில் ஒன்று பொல்லாத கேள்வி. "உங்களுக்கு இங்கே வேலை ஏற்பாடாகி இருக்கிறதா?" ஆமாம் என்று சொன்னால் நல்லது என்றுதானே தோன்றும்? கிடையாது. 1885-ம் ஆண்டுச் சட்டப்படி, முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வருவது குற்றம். ஆமாம் என்றால் திருப்பி அனுப்பலாம். இல்லை என்று சொல்லி, கையிலும் காசு இல்லை என்றால், அரசாங்கத்துக்குப் பாரமாகிவிடுவார் என்று சொல்லியும் திருப்பி அனுப்பலாம். ஆகவே "வேலை இல்லை, ஆனால் உடம்பில் தெம்பு இருக்கிறது, மாமா வீட்டில் தங்குவேன்" என்கிற மாதிரிப் பதிலைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். இன்றைக்கு விசா நேர்முகத்துக்குப் போகிறவர்கள் பதில்களை ஒத்திகை பார்க்கிறார்களே, அதற்கு நூறு வருடப் பாரம்பரியம் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தால் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2 சதவிகிதம்தான். சதவிகிதமாகப் பார்த்தால் சின்ன எண். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு டிரகோமா என்றால், அம்மா அந்தப் பிள்ளையோடு திரும்பிப் போவதா, மற்றப் பிள்ளைகளோடு உள்ளே போவதா என்று அங்கேயே நின்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எந்தச் சதவிகிதத்தில் சேர்ப்பது?

கூட்டம் உச்சத்துக்குப் போனது 1907-ல். அந்த ஒரே வருடத்தில் 10 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஏப்ரல் 17 அன்று மட்டும் 11,747 பேர். கணிப்பொறி இல்லை, கைரேகைக் கருவி இல்லை. பேனாவும் பட்டியலும்தான்!

கூடத்திலிருந்து இறங்கும் படிக்கட்டு மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் இறங்கினால் ரயில் டிக்கெட் அலுவலகம். மறுபக்கம் இறங்கினால் நியூயார்க் நகருக்குப் படகு. நடுவில் இறங்குகிறவர்கள் காவலில் வைக்கப்படுகிறவர்கள். 'பிரிவின் படிகள்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. சிகாகோவுக்கோ பென்சில்வேனியா சுரங்கங்களுக்கோ போகிறவர்கள் தீவிலேயே ரயில் டிக்கெட் வாங்கி, சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு, படகில் ஜெர்சி நகர ரயில் நிலையத்துக்குப் போவார்கள். இப்போதைய கனெக்டிங் ஃப்ளைட்டின் தாத்தா இதுதான்.

அந்த 1907-ல்தான் மொழிபெயர்ப்பாளராக ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். 1910 வரை பகலில் தீவில் வேலை, இரவில் சட்டப் படிப்பு. பெயர் ஃபியோரெல்லோ லா கார்டியா. பின்னாளில் நியூயார்க் மேயர் ஆனார். நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையம் அவர் பெயரில் இருப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளைச் சோதிக்கிற வழக்கமான இமிக்ரேஷன் கூடம் கிடையாது! புறப்படும் ஊரிலேயே சோதனை முடிந்து வருகிற டொரொன்டோ போன்ற இடத்து விமானங்கள்தான் வெளிநாட்டிலிருந்து அங்கே இறங்குகின்றன. அந்த ஏற்பாடு பற்றிக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

நடுராத்திரிப் பந்தயம்

முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா கதவைச் சாத்தத் தொடங்கியது. 1921 மே மாதம் குடியரசுத் தலைவர் ஹார்டிங் ஓர் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1910 கணக்கெடுப்பின்படி ஒரு நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 3 சதவிகிதம் பேர்தான் அந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு வரலாம். மொத்தம் சுமார் 3 லட்சத்து 57 ஆயிரம். ஒரே மாதத்தில் வருட ஒதுக்கீட்டில் 20 சதவிகிதத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது என்றும் ஒரு விதி சேர்த்தார்கள்.

அந்த மாத விதியை எழுதியவர்கள் அதன் விளைவை யோசித்திருக்க மாட்டார்கள். கணக்கு ஆரம்பிப்பது மாதத்தின் முதல் நாள் நடுராத்திரி 12 மணிக்கு. சின்ன நாட்டின் மாத ஒதுக்கீடு ஒரே கப்பலில் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் நுழைகிற கப்பலில் வந்தவருக்கு இடம் உண்டு, அரை மணி கழித்து நுழைந்த கப்பலில் வந்தவருக்கு இல்லை. என்ன நடக்கும்? மாதக் கடைசி நாளில் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் விளக்கெரியக் காத்து நிற்கும். மணி பன்னிரண்டு அடிக்க வேண்டியதுதான், நேரோஸ் என்ற குறுகிய நீர்வழியை நோக்கிப் பெரிய பெரிய கப்பல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாயும்! கடல்வழியில் இருட்டில் ஆயிரக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு ஓட்டப் பந்தயம். 1923-ல் எல்லிஸ் தீவின் ஆணையராகப் பொறுப்பேற்ற ஹென்றி கரன் இந்தக் கூத்தைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பிந்தினால் மட்டும் ஆபத்து இல்லை. முந்தினாலும் ஆபத்து. நடுராத்திரிக்கு ஒரு நிமிடம் முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால், அந்தக் கப்பலின் பயணிகள் போன மாதக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். போன மாத ஒதுக்கீடு எப்போதோ முடிந்திருக்கும்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் திருட்டுத்தனமாக வந்தவர்கள் அல்ல. அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கியவர்கள். ஆனால் அந்த விசா ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்று உத்தரவாதம் தரவில்லை. வீட்டையும் மாட்டையும் விற்று, கப்பல் டிக்கெட் வாங்கி, அட்லான்டிக்கைக் கடந்து, சுதந்திர தேவி சிலையைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டது" என்ற ஒரே வரியில் திரும்பிப் போனார்கள். கேப்டனின் கடிகாரம் தீர்மானித்த வாழ்க்கைகள் அவை.

1924-ல் வந்த அடுத்த சட்டம் பந்தயத்தை நிறுத்தியது. மனம் இரங்கி அல்ல. ஒதுக்கீட்டை இன்னும் சுருக்கி, 1890 கணக்கெடுப்பின்படி 2 சதவிகிதம் என்று ஆக்கினார்கள். எண்ணுகிற வேலையை வெளிநாட்டில் இருக்கும் தூதரகங்களிடம் கொடுத்தார்கள். விசா கிடைத்தால் இடம் உண்டு, இல்லையென்றால் கப்பலே ஏற வேண்டாம். எல்லிஸ் தீவில் கூட்டம் கரைந்துபோனது. வரிசை மறைந்துவிட்டதா என்றால் இல்லை. வார்சாவிலும் நேப்பிள்ஸிலும் தூதரக வாசலுக்கு இடம் மாறியது. சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் காலையில் நிற்கிறார்களே, அந்த வரிசையின் மூலம் இந்தச் சட்டம்தான். (இந்தியர்களுக்கோ 1917 சட்டத்திலேயே கதவு அடைபட்டிருந்தது. 1946-ல் வருடத்துக்கு 100 பேர் என்று ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. நிஜமாகத் திறந்தது 1965-ல்.)

இணைப்பே இல்லாத பயணம்

கனடா இன்னும் சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தது. இந்தியர்கள் வரக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை, இரண்டு நாடுமே பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்தன. ஆகவே 1908-ல் 'இடைவிடாத பயணம்' என்று ஒரு விதி. பிறந்த நாட்டிலிருந்து, அங்கேயே வாங்கிய ஒரே டிக்கெட்டில், எங்கும் நிற்காமல் வந்தால்தான் அனுமதி. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேர்க் கப்பல் எதுவும் அப்போது ஓடவில்லை! நடுவில் ஹாங்காங்கில் கப்பல் மாறினால் விதி மீறல். கப்பல் மாறுவதையே குற்றமாக்கிய சட்டம் வேறெங்காவது உண்டா?

இதை எதிர்த்துத்தான் குர்தித் சிங் 'கோமகாட்டா மாரு' என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தார். 1914 மே 23 அன்று 376 பயணிகளோடு வான்கூவர் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கரைக்கு எதிரிலேயே நின்றது. 24 பேரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. ஜூலை 23-ல் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பயணிகள் உயிரிழந்தார்கள். கனடா நாடாளுமன்றத்தில் முறையான மன்னிப்பு 2016 மே மாதம்தான் வந்தது.

விமானம் வந்த பிறகு

1914-க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே சுற்றலாம். போர் அதை மாற்றியது. 1920-ல் சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு 32 பக்கப் புத்தகம் என்ற மாதிரியை முடிவு செய்தது. போர்க்கால ஏற்பாடு, சீக்கிரம் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

1970 ஜனவரியில் போயிங் 747 பயணிகள் சேவைக்கு வந்தது. அதுவரை ஒரு விமானத்தில் நூறு, நூற்றைம்பது பேர் இறங்கினார்கள். இப்போது ஒரேயடியாக 350 பேர். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-ல் எந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்கு விதிமுறை வெளியிட்டது இந்த நெருக்கடியில்தான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் கீழே 44 எழுத்துகள் வீதம் இரண்டு வரி இருக்கிறதே, அதுதான். அதிகாரி கையால் தட்டச்சு செய்த நேரம் மிச்சம்.

அப்படியும் வரிசை ஏன் ஒரு நாள் இருபது நிமிடம், இன்னொரு நாள் இரண்டு மணி நேரம்? டென்மார்க்கின் எர்லாங் 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காகப் போட ஆரம்பித்த கணக்கு இங்கேயும் பொருந்தும். பத்து கவுன்டர், ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 300 பேர் போகலாம். 350 பேருள்ள ஒரு விமானம் வந்தால் கடைசி ஆள் 70 நிமிடத்தில் வெளியே. இன்னொரு விமானம் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், அதன் கடைசி ஆளுக்கு 80 நிமிடம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால்? 2 மணி 20 நிமிடம்! ஆட்களும் அதேதான், கவுன்டரும் அதேதான். வந்து சேர்ந்த நேரம் மட்டுமே மாறியது.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், விமான நிறுவனங்கள் வேண்டுமென்றேதான் விமானங்களை ஒரே நேரத்தில் இறக்குகின்றன. 1978-ல் அமெரிக்கா விமானத் துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, அட்லான்டா, டல்லாஸ், சிகாகோ மாதிரி மைய நிலையங்கள் பெருத்தன. ஓர் அலையாக நாற்பது விமானம் வரும், பயணிகள் மாறி ஏறுவார்கள், ஓர் அலையாகக் கிளம்பிப் போகும். இணைப்பு நன்றாக அமைய வேண்டும் என்று செய்த ஏற்பாடே இமிக்ரேஷன் கூடத்தை நிரப்புகிறது.

இதற்கு மேல் அமெரிக்காவுக்கே உரிய ஒரு சிக்கல். துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறுகிறவர் அந்த நாட்டுக்குள் நுழைவதில்லை. அமெரிக்காவில் முதலில் கால் வைக்கிற ஊரிலேயே முழுச் சோதனை. பெட்டியை எடுக்க வேண்டும், சுங்கம் தாண்ட வேண்டும், மறுபடி பெட்டியைப் போட வேண்டும், பாதுகாப்புச் சோதனையில் இன்னொரு முறை நிற்க வேண்டும். மெக்சிகோவுக்குப் போகிற வழியில் மாறினாலும் இதே கதைதான். விசா இல்லாமல் மாறிச் செல்ல இருந்த சலுகையையும் 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். 2004 ஜனவரியில் கைரேகையும் புகைப்படமும் சேர்ந்தன.

பழைய தீர்வையே இங்கேயும் கையாண்டார்கள்: வரிசையை வேறு ஊருக்கு நகர்த்துவது! 1952-லேயே டொரொன்டோவில் அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து, ஏறுவதற்கு முன்பே சோதனையை முடித்தார்கள். அயர்லாந்தின் ஷானனில் 2009-ல் சுங்கமும் சேர்த்து முழுச் சோதனை வந்தது. அபுதாபியில் 2014 ஜனவரியில் தொடங்கியது. அபுதாபி வழியாகப் போகிறவர் அமெரிக்காவில் இறங்கும்போது உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே நடந்துவிடலாம். ஆனால் அபுதாபியிலேயே அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று மணி நேர இடைவெளி தாராளம் என்று நினைத்து டீ குடிக்க உட்கார்ந்தவர்கள் அங்கேயும் ஓடியிருக்கிறார்கள்.

ஒரே டிக்கெட்டில் வாங்கிய பயணமா, மலிவுக்காகத் தனித்தனியாக வாங்கியதா என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரே டிக்கெட் என்றால், வரிசையால் இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் இடம் பார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் வெறும் வராத பயணி. பெட்டியும் காசும் தலைவலியும் அவருடையதே. நிறுவனம் விற்கிற குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமான நேரம்தான். ஆகவே முதல் நுழைவு ஊரில் மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்வது, முன்வரிசைப் பக்கம் இருக்கை கேட்பது, தங்கும் முகவரியைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பது போன்றவை சின்னக் காரியங்களாகத் தோன்றும். 350 பேருக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதில் 70 நிமிடம் இருக்கிறது என்று மேலே பார்த்தோமே! இணைப்பு நெருக்கமாக இருந்தால் ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சில விமான நிலையங்களில் அதற்கென்றே ஆரஞ்சு நிற அட்டை கொடுத்து முன்னால் அனுப்புவது உண்டு. கேட்காமல் நிற்கிறவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

2020 மார்ச் 14 அன்று இந்தக் கணக்கெல்லாம் தவிடுபொடியானது. கொரோனாவுக்காக ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களை 13 விமான நிலையங்களில் மட்டும் இறக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் உடல்நலக் கேள்விகள் வேறு. சிகாகோ ஓஹேர் நிலையத்தில் பல மணி நேரம் ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். தொற்றைத் தடுக்க வைத்த சோதனைக்காக!

எல்லிஸ் தீவில் கடைசியாகக் காவலில் இருந்தவர் ஆர்னே பீட்டர்சன் என்ற நார்வே மாலுமி. கப்பலுக்குத் திரும்பாமல் கரையில் கூடுதல் நாள் தங்கிவிட்டவர். 1954 நவம்பரில் அவரைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். 1990 முதல் அது அருங்காட்சியகம். முன்பதிவு செய்த பயணிகளை வேகமாக அனுப்பும் திட்டம் அமெரிக்காவில் 2008-ல் வந்தது, இந்தியர்களுக்கு 2017-ல் திறந்தது. இந்தியாவும் அதே மாதிரி ஒன்றை 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் கொண்டுவந்திருக்கிறது. பதிவு செய்தவர் தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். மற்றவர்களுக்குப் பக்கத்தில் வழக்கமான கவுன்டர் இருக்கிறது.